ஒன்வே டிக்கெட்டில் வெளிநாடு திரும்பும் பெற்றோர்: செக்-இன் கவுண்டரில் என்ன நடக்கும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கும் உதவும். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. இருவருக்கும் 2019இல் கிரீன் கார்டு (அமெரிக்காவின் நிரந்தரக் குடியிருப்பு அட்டை) வந்தது, டல்லஸில் உங்களோடு இருக்கிறார்கள். பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காக மதுரை வந்தார்கள். வந்த இடத்தில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், அப்புறம் பிசியோதெரபி என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. திரும்பும் டிக்கெட் வீணாகிவிட்டது. இப்போது சென்னையிலிருந்து தோஹா வழியாக டல்லஸுக்கு ஒன்வே டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். "ரிட்டர்ன் டிக்கெட் இல்லாம செக்-இன் பண்ண மாட்டாங்க, ஒரு டம்மி டிக்கெட்டாவது எடுத்து வைங்க" என்று யாரோ சொல்ல, கலங்கிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள்.

டம்மி டிக்கெட் வேண்டாம். உங்கள் அப்பா அம்மாவுக்கு ரிட்டர்ன் டிக்கெட் தேவையே இல்லை. அது மட்டுமல்ல, அதைக் காட்டினால் அவர்களுக்குக் கெடுதல்தான். ஏன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரிலும், பிறகு டூட்டி ஆபீசராகவும் இருபது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். வயதானவர்கள் அந்தக் கவுண்டர் முன்னால் தடுமாறி நிற்பதைப் பார்த்த வேதனை எனக்கு இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் அவர்களிடம் எல்லாக் காகிதமும் சரியாகவே இருக்கும். அதை எடுத்துக் காட்டத் தெரியாமல்தான் சிக்கிக்கொள்வார்கள்.

முதலில், கவுண்டரில் இருப்பவர் ஏன் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அவர் விமானக் கம்பெனியின் ஆள், குடியேற்ற அதிகாரி இல்லை. ஆனால் இறங்கும் நாடு ஒரு பயணியை உள்ளே விடாவிட்டால், அவரைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வரவேண்டிய பொறுப்பு கொண்டுபோன கம்பெனியுடையது. அதற்கு மேல் அபராதமும் உண்டு. பிரிட்டனில் சரியான ஆவணம் இல்லாத பயணி ஒருவருக்கு 2,000 பவுண்டு. அமெரிக்கச் சட்டத்தில் 3,000 டாலர் என்று எழுதியிருந்தாலும், விலைவாசிக்கேற்ப ஏற்றி ஏற்றி அது இன்று இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அந்தத் தொகைக்கான விளக்கக் கடிதத்தைப் போர்டிங் பாஸ் கொடுத்த ஊழியர்தான் எழுத வேண்டும். அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றுவதைவிட நிறுத்துவதுதான் அவருக்குப் பத்திரம். நடு ராத்திரியில் முன்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, அந்தச் சந்தேகம் அவருக்கு வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

அவர் தன் சொந்த அபிப்பிராயத்தில் முடிவெடுப்பதில்லை. அயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பு இருக்கிறது. உலகத்தில் பெரும்பாலான கம்பெனிகளின் கவுண்டர் அதைத்தான் பார்க்கிறது. பயணியின் குடியுரிமை, அவர் வசிக்கும் நாடு, போகும் நாடு, கையில் உள்ள ஆவணம் ஆகியவற்றைப் போட்டால், எது தேவை எது தேவையில்லை என்று வரி வரியாக வரும். பல நாடுகளுக்கு அதில் ஒரு எச்சரிக்கை வரி இருக்கும். வருகையாளராகப் போகிறவரிடம் திரும்பும் டிக்கெட்டோ அடுத்த நாட்டுக்கான டிக்கெட்டோ இல்லையென்றால் அனுமதி மறுக்கப்படலாம் என்பது அதன் சாரம். இதில் உயிரான சொல் 'வருகையாளர்'. அங்கேயே குடியிருப்பவருக்கு அந்த வரி பொருந்தாது. ஊழியர் 'வசிக்கும் நாடு' என்ற கட்டத்தில் இந்தியா என்று போட்டுவிட்டால் அந்த எச்சரிக்கை திரையில் நிற்கும். அமெரிக்கா என்று போட்டு, ஆவணத்தில் நிரந்தரக் குடியிருப்பு அட்டையைத் தேர்ந்தெடுத்தால் பார்க்க வேண்டிய வரியே வேறு.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கவுண்டரில் ஒரு பெரியவர், கூடவே அவர் மனைவி. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். இரண்டு இந்திய பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினார். கவுண்டரில் இருந்த எங்கள் ஊழியப் பெண் புரட்டிப் பார்த்தாள். பழைய விசா ஒன்று இருந்தது, அதன் தேதி முடிந்திருந்தது. "சார், ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா?" என்றாள். "ரிட்டர்ன்தாம்மா போறேன்" என்றார் அவர். "இல்ல சார், இந்தியாவுக்குத் திரும்பி வர்ற டிக்கெட்?" "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? பேரன் பத்தாவது முடிக்கட்டும், பார்க்கலாம்." அவள் போனை எடுத்து என்னைக் கூப்பிட்டாள். நான் போய், "ஐயா, கிரீன் கார்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் மனைவி சட்டென்று மஞ்சப்பையைத் திறந்தார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் மருந்துச் சீட்டு, ஆதார் நகல், பென்ஷன் ஆர்டர், அதற்கும் அடியில் ஒரு கைக்குட்டையில் சுற்றி இரண்டு கிரீன் கார்டு. தொலைந்துவிடுமே என்று அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. அந்த அம்மாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இதுதான் பாடம். உங்கள் பெற்றோர் கவுண்டரில் வைக்க வேண்டிய முதல் பொருள் பாஸ்போர்ட்டும், அதன் மேல் கிரீன் கார்டும். இரண்டையும் சேர்த்தே நீட்டட்டும், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். வாயைத் திறந்து சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நாங்க அமெரிக்காவுல பர்மனன்ட் ரெசிடென்ட், வீட்டுக்குத் திரும்பிப் போறோம்." இதைச் சொல்லிவிட்டால் ரிட்டர்ன் டிக்கெட் கேள்வியே பெரும்பாலும் எழாது. எழுந்தால், "ரெசிடென்ட்டுக்கு அது தேவையில்லைம்மா, டைமேட்டிக்ல ரெசிடென்ட்னு போட்டுப் பாருங்க" என்று பொறுமையாகச் சொல்லட்டும். கார்டின் பின்பக்கம் மூன்று வரி எழுத்து இருக்கும், ஊழியர் அதை ரீடரில் இழுப்பார் அல்லது எண்ணைத் தட்டுவார். அந்த விவரம் முன்கூட்டியே அமெரிக்க எல்லைக் காவல் துறைக்குப் போய், ஏற்றலாம் என்று பதில் வரும். அந்தப் பதில் வந்தால்தான் போர்டிங் பாஸ் பிரிண்ட் ஆகும். உங்கள் அப்பா அம்மாவின் கார்டில் முன்பக்கம் எந்தப் பிரிவில் வந்தார்கள் என்றும், எந்தத் தேதியிலிருந்து குடியிருப்பவர் என்றும் அச்சாகியிருக்கும். அந்தத் தேதியையும் காலாவதித் தேதியையும் இருவருக்கும் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள். சொந்தக் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவருக்குக் கேள்வி வந்தால் பதற்றம் வராது.

இனி டம்மி டிக்கெட் விஷயம். பணம் கொடுத்தால் நாற்பத்தெட்டு மணி நேரம் உயிரோடு இருக்கும் ஒரு பி.என்.ஆர். எண்ணைத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையான மின் டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் உண்டு, முதல் மூன்று இலக்கம் கம்பெனியின் குறியீடு. அந்த எண் இல்லாத முன்பதிவு வெறும் இடப்பிடிப்புதான். பழகிய ஊழியர் அதைக் கண்டதும் தெரிந்துகொள்வார். அப்படிக் கண்டுபிடித்துவிட்டால், அதுவரை சரியாக இருந்த மற்றக் காகிதங்கள் மேலும் அவருக்குச் சந்தேகம் விழும்.

கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் உங்கள் விஷயத்தில் அது தப்பு. கிரீன் கார்டு என்பது 'என் வீடு அமெரிக்காவில் இருக்கிறது' என்ற சான்று. எட்டு மாதம் இந்தியாவில் இருந்துவிட்டு, மூன்று மாதத்தில் மறுபடி இந்தியா திரும்பும் டிக்கெட்டோடு டல்லஸில் இறங்கினால், அதிகாரிக்கு என்ன தோன்றும்? வீடு மதுரையில்தான், அமெரிக்காவுக்கு வந்து வந்து போகிறார்கள் என்றுதானே? வீடு திரும்புகிறவருக்கு ஒன்வே டிக்கெட்தான் இயல்பு. பயந்துகொண்டு எடுக்கும் அந்த ரிட்டர்ன் டிக்கெட்தான் இறங்கும் இடத்தில் கேள்வியைக் கிளப்பும். அப்பாவிடம் இதை நன்றாக விளக்கிச் சொல்லுங்கள். "டிக்கெட் இல்லாம போறோமே" என்ற குற்ற உணர்ச்சி அவர் முகத்தில் இருக்கக்கூடாது.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது நாள் கணக்கைப் பற்றித்தான். அமெரிக்காவை விட்டுக் கிளம்பி ஒரு வருடம் ஆவதற்குள் திரும்பினால் செல்லுபடியாகும் கிரீன் கார்டு ஒன்றே போதும். ஒரு வருடம் ஆகிவிட்டால் அந்தக் கார்டை வைத்து மட்டும் விமானம் ஏற முடியாது. கிளம்புவதற்கு முன்பே ஐ-131 படிவம் போட்டு ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கியிருந்தால் இரண்டு வருடம் வரை தாங்கும். அதற்கான விண்ணப்பத்தை அமெரிக்க மண்ணில் இருக்கும்போதுதான் கொடுக்க முடியும், மதுரையில் உட்கார்ந்து கொடுக்க முடியாது. ஒரு வருடத்தைத் தாண்டி, பெர்மிட்டும் இல்லாதவர்கள் தூதரகத்தில் எஸ்.பி.-1 என்ற திரும்பும் குடியிருப்பாளர் விசா கேட்க வேண்டும். தாமதம் நம் கையை மீறிய காரணத்தால் நேர்ந்தது என்று அதற்கு நிரூபிக்க வேண்டும். லேசான காரியம் இல்லை. ஆகவே "வந்ததுதான் வந்தீங்க, பொங்கல், தைப்பூசம் எல்லாம் முடிச்சுட்டுப் போங்க" என்று சொந்தக்காரர்கள் அன்போடு நிறுத்தினால், பிப்ரவரியில் கிளம்பிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். கவுண்டரிலும் இந்தக் கணக்கைப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்குள் வந்த முத்திரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து ஒரு சிறு ஒட்டுத்தாள் வையுங்கள். வந்தபோதைய போர்டிங் பாஸ் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

எட்டு மாதம் ஆனதால் இன்னொன்றும் உண்டு. 180 நாளைத் தாண்டி வெளியே இருந்தவரை, இறங்கும் இடத்தில் புதிதாக அனுமதி கேட்டு வருபவரைப் போலவே விசாரிக்க அமெரிக்கச் சட்டம் அதிகாரிக்கு இடம் தருகிறது. கவுண்டர் ஊழியருக்கு இதில் வேலையில்லை, அவர் ஏற்றிவிடுவார். டல்லஸில் கேட்பார்கள். "ஏன் இவ்வளவு நாள்?" என்பதற்கு அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியும், பிசியோதெரபி ரசீதும், எக்ஸ்ரேயும் அழுத்தமான பதில். அதோடு அங்கே வேர் இருக்கிறது என்று காட்ட, அப்பாவின் டெக்சாஸ் அடையாள அட்டை, கடைசியாகக் கொடுத்த வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவக் காப்பீட்டு அட்டை இவற்றை நகலாகக் கையில் வையுங்கள். கேட்டால் மட்டும் எடுக்கட்டும். பதில் எல்லாம் உண்மையாகவும் சுருக்கமாகவும் இருக்கட்டும்.

யாராவது ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கிரீன் கார்டைத் தானாக விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுக்கும் படிவம் அது. அதைக் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. ஒத்துக்கொள்ளாதவருக்குக் குடியேற்ற நீதிபதி முன்னால் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமை உண்டு. உங்கள் பெற்றோருக்கு அந்த நிலை வரும் என்று நான் நினைக்கவில்லை. களைத்துப்போய் இறங்கும் வயதானவர், முன்னால் நீட்டிய எதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பதால் சொல்கிறேன்.

பெயரைப் பார்த்தீர்களா? தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும், இன்னொன்றில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். காலியாக இருந்தவர்களுக்கு அமெரிக்கா, இருக்கிற பெயரைச் சர்நேமில் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று போட்டுவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. உங்கள் அம்மாவின் கார்டில் அப்படி இருந்து, டிக்கெட்டில் இனிஷியலை விரித்து வேறு மாதிரி எழுதியிருந்தால், கவுண்டரில் பத்து நிமிடம் அதற்கே போகும். இன்றே பாஸ்போர்ட், கார்டு, டிக்கெட் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கம்பெனியின் கால் சென்டரைப் பிடித்து இப்போதே சரி செய்யச் சொல்லுங்கள். பயண நாளில் கவுண்டரில் திருத்த முடியாத பெயர்கள் உண்டு.

கார்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். 2019இல் கிடைத்த பத்து வருடக் கார்டு என்றால் 2029 வரை தாங்கும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது கார்டு முடிந்திருந்தால், புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பத்துக்கு வரும் ஐ-797 ரசீதுக் கடிதத்தின் அசலை எடுத்துவரச் சொல்லுங்கள். எத்தனை மாதம் நீட்டிப்பு என்று அதிலேயே எழுதியிருக்கும். கார்டே தொலைந்துபோய், வெளியே வந்து ஒரு வருடம் ஆகாதவர்கள், ஐ-131ஏ என்ற படிவத்தில் தூதரகத்தில் கேட்டால் விமானம் ஏறுவதற்கான ஆவணம் தருவார்கள். வழியில் மாறும் நாடும் முக்கியம். தோஹா போல ஒரே டிக்கெட்டில் விமானம் மாறி, வெளியே போகாமல் உள்ளேயே இருந்தால் சிக்கல் இல்லை. ஐரோப்பா வழியாகப் போகிறவர்கள் மட்டும், முடிந்துபோன கார்டையும் கடிதத்தையும் அந்த நாடு ஏற்குமா என்று தனியாகப் பார்த்துவிட்டு டிக்கெட் போட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஊழியர் மறுத்தால்? சத்தம் போட வேண்டாம். "டூட்டி மேனேஜரைக் கூப்பிடுங்க" என்று கேளுங்கள். அமெரிக்க எல்லைக் காவல் துறை, விமானக் கம்பெனிகள் சந்தேகம் கேட்பதற்கென்றே ஹொனலூலு, மியாமி, நியூயார்க் ஆகிய மூன்று இடங்களில் ஆள் வைத்திருக்கிறது. பயணி நேரடியாக அங்கே பேச முடியாது, கம்பெனிதான் பேச வேண்டும். "உங்க லையசன் ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டுடுங்களேன்" என்று சொன்னால் போதும், விஷயம் தெரிந்தவர் என்று மேனேஜருக்குப் புரிந்துவிடும். பத்து நிமிடத்தில் பதில் வரும் விஷயம். அதனால்தான் நாலு மணி நேரம் முன்னாலேயே போய்விடச் சொல்கிறேன். கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது யாரும் யாருக்கும் போன் போட்டுக் கேட்க மாட்டார்கள்.

ஆன்லைன் செக்-இன் 'முடியவில்லை, கவுண்டருக்கு வரவும்' என்று காட்டினால் அதையும் மறுப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆவணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படி நிறுத்துவார்கள்.

இதுவரை சொன்னது குடியிருப்பு உரிமை உள்ளவர்களுக்கு. பெற்றோர் சுற்றுலா விசாவில் போகிறார்கள் என்றால் கதை வேறு. பி-2 விசாவுக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. ஆனால் திரும்பிப் போவார் என்று அதிகாரி நம்ப வேண்டும், அதனால் கம்பெனியும் கேட்கும். அங்கே ஒன்வே டிக்கெட்டோடு போவது வீண் வம்பு. தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ரிட்டர்ன் டிக்கெட் போடுங்கள், கூடக் கொடுக்கும் பணம் வீணில்லை. தேதி மாற்ற வேண்டும் என்றால் அந்த விமானம் கிளம்புவதற்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். நீங்கள் இழந்த டிக்கெட்டும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கிளம்பிய பிறகு அது 'நோ ஷோ', மிஞ்சுவது பெரும்பாலும் வரித் தொகை மட்டும்தான்.

கனடாவில் குடியிருப்பவர்களின் பெற்றோருக்குத் தரும் சூப்பர் விசா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை உள்ளே போனால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். அதனால் ஒன்வேயில் போகிற பெற்றோர் நிறைய. ஆனால் அவர்கள் வருகையாளர்கள்தான். விசா ஒட்டிய பக்கம், அதோடு வந்த அனுமதிக் கடிதம், குறைந்தது 100,000 கனடிய டாலருக்கான மருத்துவக் காப்பீட்டுப் பத்திரம், பிள்ளையின் அழைப்புக் கடிதம் இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் 'எப்போது திரும்புவீர்கள்' என்ற கேள்விக்குக் காகிதமே பதில் சொல்லும். கனடாவில் பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை, உள்ளவர்களுக்கோ வேறு கவலை. செல்லுபடியாகும் பி.ஆர். கார்டு கையில் இல்லாமல் விமானம் ஏற முடியாது. அது முடிந்திருந்தால் வெளிநாட்டிலிருந்தே தனிப் பயண ஆவணம் வாங்க வேண்டும். ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தார்களா என்று அப்போது எண்ணிப் பார்ப்பார்கள்.

பிரிட்டனில் இன்று வயதானவர்களுக்கு வரும் சிக்கல் கார்டே இல்லாததால் வருகிறது. பி.ஆர்.பி. என்ற குடியிருப்பு உரிமை அட்டைகள் 2024 டிசம்பர் 31ஓடு முடிந்தன. இப்போது எல்லாம் இ-விசா, அதாவது ஆன்லைன் கணக்கில் இருக்கும் பதிவு. பாஸ்போர்ட் எண்ணை வைத்துக் கம்பெனியின் கணினி அங்கே கேட்கும், பதில் வரும். அப்பா மதுரையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, புது எண்ணை அந்த ஆன்லைன் கணக்கில் சேர்க்காமல் விட்டால், கவுண்டரில் அவருக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் பதில் வரும். முப்பது வருடம் லண்டனில் வாழ்ந்தவரானாலும் அதே பதில்தான். அங்கே இருக்கும் பிள்ளைகள் இந்த ஒரு வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். புது பாஸ்போர்ட் வந்த அன்றே சேர்த்துவிடுங்கள், அந்த உரிமையைப் பிறர் ஆன்லைனில் சரிபார்க்க உதவும் ஷேர் கோடு ஒன்றையும் எடுத்துக் கையில் கொடுத்தனுப்புங்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த உரிமையே போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பிள்ளைகளுக்காக இல்லாமல், ஓய்வுக் காலத்தைக் கழிக்கவே வெளிநாடு போனவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்தின் ஹுவா ஹின், சியாங் மாய் பக்கம் அப்படி நிறைய நாட்டுக்காரர்கள் வாழ்கிறார்கள். 50 வயது ஆகி, வங்கியில் 800,000 பாட் வைத்தாலோ மாதம் 65,000 பாட் வருமானம் காட்டினாலோ, வருடா வருடம் தங்கும் காலத்தை நீட்டித்துத் தருவார்கள். அவர்கள் சொந்த ஊர் போய்விட்டு ஒன்வே டிக்கெட்டில் திரும்பும்போது கவுண்டரில் மாட்டுவது ஒரே காரணத்தால். பாஸ்போர்ட்டில் பளிச்சென்று தெரியும் விசா ஸ்டிக்கரின் தேதி எப்போதோ முடிந்திருக்கும். உண்மையான உரிமை இன்னொரு பக்கத்தில் மசியால் அடித்த நீட்டிப்பு முத்திரையிலும், பக்கத்தில் உள்ள ரீ-என்ட்ரி பெர்மிட் முத்திரையிலும் இருக்கும். அந்தப் பெர்மிட் ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800 பாட். வாங்காமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் நீட்டிப்பு அப்படியே இறந்துபோகும், அதன்பிறகு அவர் சாதாரணச் சுற்றுலாப் பயணிதான், ரிட்டர்ன் டிக்கெட் கேட்பது நியாயம்தான். முத்திரை உள்ளவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே நீட்ட வேண்டும். 2025 மே 1 முதல் வருகைக்கு முன் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் அட்டையும் சேர்ந்திருக்கிறது.

எதிர்த் திசையில், அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, ஓய்வுபெற்று, மதுரையிலேயே இருந்துவிடலாம் என்று ஒன்வேயில் இந்தியா வருகிறவர்களுக்கு ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) போதும். அது வாழ்நாள் விசா, ரிட்டர்ன் டிக்கெட் பேச்சே இல்லை. ஆனால் அந்தச் சின்னப் புத்தகத்தை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு வந்தால் ஏற்ற மாட்டார்கள். 2021இல் விதி மாறியதால் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை. டொரொண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கனடியப் பாஸ்போர்ட்டில் இ.டி.ஏ. என்ற ஆன்லைன் பயண அனுமதி எடுத்துப் போனால் வருகையாளர் கணக்கு, திரும்பும் டிக்கெட் கேட்பார்கள். இரட்டைக் குடியுரிமை பெற்று இலங்கைப் பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர் அதைக் காட்டினால் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு வீல்சேர் இப்போதே கம்பெனியிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள், அப்பாவுக்கும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீல்சேர் தள்ளுகிற பையன்கள் நல்லவர்கள், அவசரத்தில் பாஸ்போர்ட்டையும் கார்டையும் தாங்களே வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு ஓடுவார்கள். அப்படிக் கொடுத்தால் கேள்விக்குப் பதில் சொல்ல உரியவர் எதிரில் இருக்க மாட்டார். கார்டு எங்காவது நழுவிவிடும் அபாயமும் உண்டு. "நாங்களே கொடுக்கிறோம்பா, கவுண்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று அப்பா சொல்லட்டும். மற்ற காகிதங்களுக்கு ஒரே ஃபைல் போதும், மேலே இருந்து கீழே இந்த வரிசையில்: டிக்கெட், அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதம், டெக்சாஸ் ஆவணங்கள். பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் ஃபைலுக்குள் போகக்கூடாது. ஜிப் வைத்த சின்னப் பையில் போட்டு அப்பாவின் கழுத்திலேயே தொங்கட்டும்.

டெர்மினலுக்குள் டிக்கெட் இல்லாதவர்கள் போக முடியாது. வழியனுப்ப வருகிற உங்கள் சித்தப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிடுவார். போர்டிங் பாஸ் கைக்கு வரும்வரை அவரைக் கிளம்பிப் போகச் சொல்லாதீர்கள். விமானம் விடியற்காலை என்றால் அவர்கள் கவுண்டரில் நிற்பது நம்மூரில் நள்ளிரவு பன்னிரண்டரை, டல்லஸில் உங்களுக்கு மத்தியானம் இரண்டு மணி. ஆபீஸில் இருப்பீர்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாமல் போனைக் கையிலேயே வைத்திருங்கள். அப்பா தடுமாறினால், "எங்க பொண்ணுகிட்ட பேசுங்கம்மா" என்று போனைக் கவுண்டருக்குள் நீட்டிவிடட்டும்.